படிக்கட்டுக்குக் கீழே தொங்கிய மாத்திரை டப்பா

உடம்பு தேறிவிட்டது. கோபம்தான் இன்னும் தேறவில்லை.

“வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதையே சொல்லிக்கிட்டு இருக்காதிய” என்று என் மனைவி ராணி நேற்றுச் சொல்லிவிட்டாள். வாயை மூடச் சொன்னதால் எழுதுகிறேன். கொஞ்ச நாளைக்கு ஏணியில் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பியிருக்கிறார். ஏணியில் ஏறாத பெயிண்டருக்கு, வீட்டில் உட்கார்ந்து சுவரில் எங்கே பெயிண்ட் பொரிந்திருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. இதைப் படிக்கிற யாராவது ஒருவர் தன் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய மாத்திரை அட்டையை அப்புறப்படுத்தினால் எனக்கு அது போதும்.

நாங்கள் பிழைக்க வந்து இருப்பது மலையாள தேசத்து மட்டாஞ்சேரியில், மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள தெருவில். யாரோ ஒரு வியாபாரி எந்தக் காலத்திலோ கட்டிய பெரிய மாடி வீடு. இப்போது அதை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். குடியிருப்பவர்கள் எல்லாரும் எங்கள் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம், கடையம் ஆட்கள். கீழே குடும்பங்கள், மேலே தனி ஆட்கள். நானும் ராணியும் பிளஸ் ஒன் படிக்கும் மகள் கவிதாவும் கீழே. என் தம்பி சேகர் மேலே. நானும் சேகரும் காக்கநாட்டில் எழும்புகிற அடுக்குமாடிகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம். ராணி சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிறாள்.

அந்த வீட்டின் படிக்கட்டுக்குக் கீழே, மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஆணியில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. புதிதாகக் குடிவருபவனிடம் முதல் நாளே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுவோம்: குழாயில் தண்ணீர் வரும் நேரம், மாத்திரை டப்பா தொங்கும் இடம். யார் டாக்டரிடம் போய் வந்தாலும், குணமானதும் மிச்ச மாத்திரையை அந்த டப்பாவில் போட்டுவிட வேண்டும். அடுத்து யாருக்கு அதே மாதிரி வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஊருக்கே திரும்பிப் போகிறவன் தன் மருந்துகளை அதில் போட்டுவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவான். வருகிற விருந்தாளிகளிடம் நானே எத்தனையோ முறை இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. மறுநாள் போனால் நம் ஏணியில் வேறொருவன் நிற்பான். அந்த டப்பா இப்படித்தான் எங்கள் ஆஸ்பத்திரி ஆனது.

டப்பாவைப் பார்த்துக்கொள்பவர் தங்கராசு அண்ணாச்சி. பள்ளுருத்திப் பக்கம் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறார். வயிற்றுக்கு, இருமலுக்கு, காய்ச்சலுக்கு, மூட்டு வலிக்கு என்று மாத்திரைகளைப் பிரித்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார். வண்டியில் வெண்டைக்காயைக் கூறு கட்டி வைக்கிற அதே அழகு. நல்ல மனுஷர். அதுதான் எனக்குச் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபத்துக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி, நடுக்கம். அண்ணாச்சி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“குளிரு இருக்கா தம்பி?”

“இருக்கு அண்ணாச்சி.”

“அப்ப மாரிக்கு வந்த அதே காய்ச்சல்தான். கட்டட வேலைக்குப் போறவனுக்கு வேற என்ன வரும்? அவன் போட்டுட்டுப் போன மாத்திரை அப்படியே கிடக்கு.”

மாரி எங்கள் மாடியில் இருந்தவன், கம்பி கட்டுகிறவன். சில மாதங்களுக்கு முன் அவனுக்கு மலேரியா என்று ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவன், இனி அங்கேயே இருந்துகொள்கிறேன் என்று இருந்துவிட்டான். போவதற்கு முன் மிச்ச மாத்திரையை வழக்கப்படி டப்பாவில் போட்டான்.

“டெஸ்ட் பண்ணாம மலேரியான்னு எப்படிப்பா தெரியும்?” என்று கேட்டது கவிதா மட்டும்தான். “நீ போயி பாடத்தப் படி” என்றேன். கஞ்சி குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். செங்கல் நிறத்தில் சின்ன மாத்திரை. மாரிக்கு எத்தனை போடச் சொன்னார்களோ தெரியாது. சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்று நான் காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றுமாகப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கழிப்பறைக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். சிறுநீர் பால் ஊற்றாத கட்டன் சாயா நிறத்தில் போனது. லேசான சாயா அல்ல, கடைக்காரன் மறந்துபோய் அடுப்பிலேயே விட்டுவிட்ட சாயா. இருபது வருஷமாக நிறம் பார்த்துப் பிழைப்பவன் நான். பெயிண்ட் கம்பெனி ஷேடு கார்டில் இந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் என்று ஒரு நொடி மனது தேடியது. அப்புறம்தான் ராணியைக் கூப்பிட்டேன்.

வெளியே வந்ததும் ராணி என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண் மஞ்சளாக இருந்தது. உதடு வெளுத்திருந்தது. அதற்குள் வீடே கூடிவிட்டது. மஞ்சள் காமாலை என்றார்கள். கீழாநெல்லி அரைக்கலாம் என்றார் ஒருவர். தொப்பும்படிக்கு அந்தப் பக்கம் பச்சிலை கொடுக்கிற ஆளைத் தனக்குத் தெரியும் என்று அண்ணாச்சி செருப்பு மாட்டினார். ராணி மாத்திரை அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்தாள். தெருவில் போன ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினாள். எத்தனை பேர் எத்தனை சொன்னாலும், நான் இன்று உயிரோடு இருப்பது அந்த அட்டையை அவள் கையோடு எடுத்து வந்ததால்தான்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த வேகத்திலேயே ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். பாலம் தாண்டி அக்கரையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவிதா பள்ளிக்கூட யூனிபார்மோடு என் கால்மாட்டில் உட்கார்ந்து வந்தாள். மூச்சு முட்டியது. படுத்திருப்பவனுக்கு மாடி ஏறியவனைப் போல ஏன் இரைக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அங்கே என்னைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். சின்ன வயது. கோயம்புத்தூரில் படித்தவராம், தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். ராணி முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையைக் கொடுத்தாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிரைமாகுயின். இது ஆரா எழுதித் தந்தது?”

“யாரும் எழுதல டாக்டர். வீட்டுல இருந்துச்சு.”

“வீட்டில ஆருக்கு மலேரியா?”

“இப்ப யாருக்கும் இல்ல. மாரின்னு ஒருத்தன் போட்டுட்டுப் போன மிச்சம்.”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு டாக்டர், எங்களுக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, “இவரெல்லாம் இங்ஙனெ தன்னெ” என்றார். இவர்கள் எல்லாம் இப்படித்தான் என்று அர்த்தம். எனக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. ராணிதான் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“எங்களுக்கு இது தெரியாது சார். தெரிஞ்சவங்க சொல்லுங்க, கேட்டுக்கிடுதோம்.”

அவர் வேறு கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த ஆள் மீதும் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அறியாதவனைப் பார்த்து உதடு பிதுக்குவதற்கு ஒரு படிப்பா?

பெண் டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. அவை உடையாமல் காக்க உடம்பில் ஒரு சத்து உண்டு. அதற்கு ஜி சிக்ஸ் பி டி என்று பெயர். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. குறைவாக இருப்பதே தெரியாமல் ஓடியாடி, பிள்ளை பெற்று, கிழவனாகிச் செத்தும் போகலாம். ஆனால் சில மருந்துகள் உள்ளே போனால் அந்த அணுக்கள் பொலபொலவென்று உடைந்துவிடும். இந்த மாத்திரை அதில் முக்கியமானது. உடைந்த அணுக்களின் நிறம்தான் சிறுநீரில் போகிறது. மூச்சு இரைப்பது ரத்தம் குறைந்ததால். உடைந்த குப்பை போய் அடைத்தால் சிறுநீரகமும் கெட்டுப்போகும்.

“அதான் இந்த மருந்து தரும் முன்ன ரத்தம் டெஸ்ட் செய்யணும் சேட்டா. மாரிக்குச் செய்திருப்பாங்க. மாரிக்கு ஒத்துக்கும். உங்களுக்கு ஒத்துக்காது. மருந்தில தப்பில்ல.”

அடுத்துதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இது ஆம்பிளைங்களுக்கு அம்மா வழியில வர்றது. உங்க கூடப் பிறந்தவங்க ஆராவது உண்டா?”

“ஒரு தம்பி” என்றேன்.

ராணியின் கை என் தோளில் இறுகியது. “சேகருக்கும் நேத்துல இருந்து காய்ச்சல் டாக்டர். இன்னைக்குக் காலையில அண்ணாச்சி அவனுக்கும் அதே மாத்திரைய அட்டையில இருந்து வெட்டிக் குடுத்தாவ. போட்டுட்டுத்தான் வேலைக்குப் போனான். மத்தியானத்துக்கும் கையில கொண்டு போயிருக்கான்.”

ஒரே வீடு, அதனால் ஒரே காய்ச்சல், அதனால் ஒரே மாத்திரை. எங்கள் வைத்திய சாஸ்திரம் அவ்வளவுதான்.

சேகரின் போனுக்கு அடித்தோம். மணி போனது, எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டான். பெயிண்டர்கள் போனையும் சோற்றுப் பாத்திரத்தையும் கீழே பையில் வைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவோம். மேஸ்திரிக்கு அடித்தால் அவன் வேறு கட்டடத்தில் இருந்தான். டாக்டர் நேரத்தைப் பார்த்தார். “அடுத்த மாத்திரை போடக் கூடாது. உடனே இங்க கொண்டு வரணும்” என்றார்.

“நான் போறேன்” என்றாள் கவிதா. ராணி என்னை விட்டு நகர முடியாது. என் கையில் ஊசி ஏறியிருந்தது. பஸ் பிடித்து அவள் தனியாகப் போனாள்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரைச் சின்ன பாட்டிலில் பிடித்து நர்ஸ் ஜன்னலோரத்தில் வைத்தார். என் காதில் எதுவும் விழவில்லை. நான் பிழைப்பேனா என்ற பயம்கூட அப்போது இரண்டாவதாகிவிட்டது. சேகர் பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா கல் குவாரிக்குப் போன நேரமெல்லாம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். இன்னும் ஒரு மாத்திரையை அவன் முழுங்கிவிட்டால் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு யோசனை ஓடவில்லை.

கவிதா அங்கே செய்ததை அப்புறம் சேகர்தான் சொன்னான். கேட்டில் நின்ற காவலாளி யூனிபார்ம் போட்ட பெண்ணை உள்ளே விட மாட்டேன் என்றானாம். இவள் மலையாளத்தில் அவனை ஒரு பிடி பிடித்துவிட்டு, கட்டடத்தின் அடியில் நின்று, “சித்தப்பா, மாத்திர போடாத” என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். ஏழாவது மாடியில் சாரத்தில் நின்றவன் எதுவும் விளங்காமல் இறங்கி வந்திருக்கிறான். அப்போதுதான் சாப்பாட்டு மணி அடித்ததாம். அவன் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டைத் துண்டை இவள் பிடுங்கிக்கொண்டாள்.

தலையெல்லாம் சுவரில் தேய்த்த பட்டிப் பொடியோடு வார்டுக்குள் வந்து நின்றான் சேகர்.

“எனக்கு ஒண்ணும் செய்யலண்ணே. அரை நாள் கூலியக் கெடுத்துட்டா உன் மவ.”

“ஒண்ணுக்கு என்ன நிறத்துல போச்சு?”

“இது என்ன கேள்வி?”

“சொல்லுலே.”

“எப்பவும் போலத்தான்.”

அப்போதுதான் நான் அழுதேன். எனக்காக அழாதவன் அந்த முட்டாள் பயலுக்காக அழுதேன்.

அவனுடைய ரத்தத்தை எடுத்தார்கள். ஒன்று மலேரியா இருக்கிறதா என்று பார்க்க, இன்னொன்று அந்தச் சத்து இருக்கிறதா என்று பார்க்க. இரண்டு முடிவும் வர மறுநாள் ஆகும் என்றார்கள்.

எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஹீமோகுளோபின் என்பது ரத்தத்தின் வலிமையைக் காட்டும் அளவு. ஆம்பிளைக்கு இருக்க வேண்டியதில் பாதிகூட என்னிடம் இல்லை. கிரியாட்டினின் என்று இன்னொரு கணக்கும் தினமும் பார்த்தார்கள். அது ஏறினால் சிறுநீரகம் சோர்கிறது என்று பொருள். இறங்கினால் ராணிக்குச் சாப்பாடு இறங்கும், ஏறினால் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கும். ராத்திரியெல்லாம் அவள் கட்டிலுக்கு அடியில் செய்தித்தாளை விரித்துப் படுத்திருப்பாள். நான் புரண்டால் அவள் தலை வெளியே வரும். “என்னங்க, மூச்சு முட்டுதா?” என்பாள். இல்லை என்றால் மறுபடி உள்ளே போய்விடுவாள்.

ஜன்னலோரத்தில் பாட்டில்கள் வரிசையாகச் சேர்ந்தன. ஒவ்வொரு வேளையும் நர்ஸ் முந்தையதோடு வைத்து ஒத்துப்பார்ப்பார். “சேட்டா, நீங்க பெயிண்டர் அல்லே? நோக்கிப் பறயூ, குறஞ்ஞோ?” என்று கேட்பார். நிறம் குறைந்திருக்கிறதா என்று என்னிடமே கேட்கிறார். கட்டன் சாயாவிலிருந்து லேசான சாயா நிறத்துக்கும், அதிலிருந்து தேன் நிறத்துக்கும் அது மெல்ல இறங்கியது. என் வாழ்க்கையில் இவ்வளவு கவலையோடு ஷேடு பார்த்தது கிடையாது.

ரத்தம் கொடுக்க வீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கூட்டி வந்தது தங்கராசு அண்ணாச்சி. வண்டியைப் போட்டுவிட்டு, மேல் மாடி ஆட்களையெல்லாம் வேலைக்கு விடாமல் இழுத்து வந்திருந்தார். முதலில் கையை நீட்டிப் படுத்தவரும் அவர்தானாம். கொடுத்துவிட்டு, முழங்கையில் பஞ்சோடு என் கட்டிலுக்கு வந்தார். பையில் ஆரஞ்சுப் பழம். கண் கலங்கியிருந்தது.

“தம்பி, என்னாலதான்னு எல்லாரும் சொல்லுதாவ.”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நல்லதுக்குத்தான தம்பி குடுத்தேன்.”

“அதான் அண்ணாச்சி எனக்கு ஆத்திரமா வருது. நீங்க போங்க.”

அவர் பழத்தை வைத்துவிட்டுப் போனார். ராணி என்னை முறைத்தாள். எனக்குள் ஏறிய ரத்தம் அவருடையதோ வேறு யாருடையதோ எனக்குத் தெரியாது. அவருடையதாகவே இருந்தாலும் அது என் உடம்புக்குள் போய்க் கோபமாகத்தான் ஓடியது.

மறுநாள் டாக்டர் இரண்டு பேருடைய முடிவுகளையும் கொண்டு வந்தார். முதலில் என்னுடையது. என் ரத்தத்தில் மலேரியா கிடையவே கிடையாது. எனக்கு வந்தது சாதாரண வைரஸ் காய்ச்சல். கஞ்சி குடித்துக்கொண்டு கம்பளியை மூடிப் படுத்திருந்தால் தானாகவே போயிருக்கும்.

இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டுச் சாகக் கிடந்திருக்கிறேன். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டிலின் கம்பியை உதைத்தேன், கால் வலித்தது.

“இனி தம்பிக்கு” என்றார் டாக்டர். “சேகருக்கு அந்தச் சத்து நல்லா இருக்கு. ஒரு குழப்பமும் இல்ல. ஆனா மலேரியா இருக்கு. வைவாக்ஸ்னு ஒரு வகை.”

அந்த வகைக் கிருமி ரத்தத்தில் இருப்பது போதாது என்று ஈரலிலும் போய்ப் பதுங்கிக்கொள்ளுமாம். ரத்தத்தில் இருப்பதைக் கொல்ல ஒரு மருந்து, மூன்று நாள். அதிலேயே காய்ச்சல் நின்றுவிடும். ஆள் குணமாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் ஈரலில் தூங்குவது சில வாரத்திலோ சில மாதத்திலோ எழுந்து வரும். தூங்குவதைக் கொல்லத்தான் பிரைமாகுயின், பதினான்கு நாள், ஒரு நாளும் தவறாமல், சாப்பிட்ட பிறகு.

சேகர் எழுந்து நின்றுவிட்டான். “அண்ணனக் கொல்லப் பார்த்த மாத்திரையா டாக்டர்?”

“அதே மாத்திரைதான். ஆனா இது உன் ரத்தம் பார்த்து, உன் எடை பார்த்து, உனக்குன்னு எழுதினது. ஒண்ணுக்கு கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, உதடு நீலமானாலோ, வயிறு வலிச்சாலோ, நிறுத்திட்டு உடனே இங்க வரணும். இல்லேன்னா பதினாலு நாளும் விடாம போடணும்.” பிறகு ராணியைப் பார்த்துச் சொன்னார்: “கர்ப்பமா உள்ளவங்க இத தொடவே கூடாது. கைக்குழந்தைக்கும் ஆகாது.”

ராணி என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கத்து அறையில் ஆறு மாதம் முழுகாமல் இருக்கும் செல்வி இருக்கிறாள். அவளுக்கு ஒரு குளிர்காய்ச்சல் வந்திருந்தால் அண்ணாச்சி அவளுக்கும் அன்போடு வெட்டிக் கொடுத்திருப்பார். அவளும் அன்போடு முழுங்கியிருப்பாள்.

சேகர் தன் மருந்தோடு முன்பே வீட்டுக்குப் போய்விட்டான்; சில நாள் கழித்து என்னை அனுப்பும்போது டாக்டர் சில விஷயங்கள் சொன்னார். இப்போது என் ரத்தத்தில் அந்தப் பரிசோதனை செய்தால் சரியாக இருப்பது போலப் பொய்யாகக் காட்டலாம், ஏனென்றால் பழைய அணுக்கள் உடைந்து புது அணுக்கள்தான் ஓடுகின்றன. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும். துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டைகூட எனக்கு ஆகாது. இதைக் கேட்டதும் ராணி, எங்கள் கல்யாணப் பட்டு இருக்கும் பெட்டியை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்தக் குறை என்னிடமிருந்து கவிதாவுக்கும் போயிருக்கும். அவளுக்குத் தொந்தரவு தெரியாமலே இருக்கலாம், நாளைக்கு அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தால் சொல்லிவைக்க வேண்டும். பதினாறு வயதுப் பெண் அதை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு, ஒரு அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதி என் பர்ஸில் வைத்தாள். அதில் தமிழில்தான் ஒரு பிழை. நான் அதைத் திருத்தவில்லை.

ஆட்டோவில் வந்து இறங்கினேன். வீட்டு ஆட்கள் வாசலில் நின்றார்கள். ஆரத்தி எடுக்கிறேன் என்று செல்வி தட்டோடு வந்தாள். நான் நேராகப் படிக்கட்டுக்குக் கீழே பார்த்தேன். துணிப்பை அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அந்த மாத்திரைய மட்டும் அன்னைக்கே தூர எறிஞ்சிட்டேன் தம்பி” என்றார் அண்ணாச்சி. “மத்ததெல்லாம் நல்ல மாத்திரை.”

பையை இறக்கி டப்பாவைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதுக் காகித உறை, ரப்பர் பேண்டு போட்டு. பெரிய ஆஸ்பத்திரியின் உறை. மேலே சேகரின் பெயர். உள்ளே செங்கல் நிற மாத்திரைகள், பாதிக்கு மேல் அப்படியே.

“சேகரு” என்று நான் கத்தியதில் கிடங்கு வேலைக்காரர்கள் தெருவில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். டப்பாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்தான்.

“காய்ச்சல் நின்னு போச்சுண்ணே. நல்லாத்தான் இருக்கேன். முந்தாநாள் வரைக்கும் போட்டேன். நேத்துத்தான், மிச்சத்த எதுக்கு வீணாக்கணும்னு...”

“நான் போடச் சொல்லல தம்பி” என்றார் அண்ணாச்சி அவசரமாக. “அவனாத்தான் போட்டிருக்கான்.”

யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இந்த வீட்டில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கை தானாகப் போய் டப்பாவைத் திறந்துவிடும். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டவனுக்கு மிச்சம் எங்கிருந்து வரும்? அண்ணாச்சி இத்தனை வருஷமாகக் கூறு கட்டி வைத்ததெல்லாம் பாதியில் நிறுத்திய வைத்தியங்கள். பாதி ஆறிய வயிறு, பாதி ஆறிய நெஞ்சு, பாதி ஆறிய காய்ச்சல். நிறுத்தியவனுக்கும் குணமில்லை, எடுத்துச் சாப்பிட்டவனுக்கும் குணமில்லை.

“மாரிக்கு இப்ப எப்படி இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டேன்.

செல்விதான் மெதுவாகச் சொன்னாள். மாரியின் மனைவி அவளுக்கு உறவு. மாரிக்கு மறுபடியும் குளிர்காய்ச்சல் வந்து தென்காசி ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம்.

டப்பாவைக் கவிதாவிடம் கொடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் கேட்டு, அவர்கள் சொல்லுகிறபடி ஒழித்துவிட்டு வரச் சொன்னேன். அண்ணாச்சி ஒரு அடி முன்னால் வந்தார்.

“அது எல்லாருக்கும் உள்ளது தம்பி. நீ ஒருத்தன் முடிவு பண்ண முடியாது.”

“எனக்கு வந்தது எல்லாருக்கும் வரட்டும்னு சொல்லுதியளா அண்ணாச்சி?”

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வீட்டில் பாதிப் பேர் அவர் பக்கம். அவர் ரத்தம் கொடுத்தவர், நான் நன்றி கெட்டவன். இருந்துவிட்டுப் போகிறேன்.

சேகருடைய உறையை மட்டும் நான் கொடுக்கவில்லை. அவனை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன். ராணி சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையைப் பிரித்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

“வீணாப் போகக் கூடாதுன்னு மட்டும் இல்லண்ணே. எனக்குப் பயமா இருக்கு. இத வாயில போடும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில நீ கிடந்த கோலம்தான் தெரியுது.” அவன் தட்டைத் தள்ளி வைத்தான். “உன்னக் கொல்லப் பார்த்தத உன் கையாலயே எனக்குத் தாரியே.”

அந்த நிறத்தை இனி எந்தச் சுவரிலும் என்னால் அடிக்க முடியாது. இதை அவனிடம் சொல்லவில்லை.

“ஆமாலே. இது எனக்கு எழுதினது இல்ல. உனக்கு எழுதினது. முழுங்கு.”

முழுங்கினான்.

“வாயத் திற.”

நாற்பது வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த ஆம்பிளை, சின்னப் பிள்ளை போல வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். நாளைக் காலையில் ஒண்ணுக்குப் போனதும் வெளிச்சத்தில் பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும் என்றேன். சரி என்றான்.

ஒரு நாள் தள்ளிப்போனதைப் பற்றிக் கவிதா ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வந்தாள். இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது தினமும் சாப்பிட்டதும் கீழே இறங்கி வருகிறான். மாத்திரையைப் போட்டுவிட்டு நான் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்து காட்டுகிறான். உறையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு நாள் அவன் இறங்கி வராமல் போகட்டும், பார்க்கலாம். ஏணியில் ஏறக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். படிக்கட்டில் ஏறக் கூடாது என்று சொல்லவில்லை.